சந்தை நாளில் பரவிய குழிகள்

புர்கினா ஃபாசோவின் வடக்கே, மாலி நாட்டு எல்லையை ஒட்டியது யாத்தெங்கா. மொஸ்ஸி மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. வாஹிகூயா அதன் முக்கிய நகரம். விளைவது பெரும்பாலும் சோளமும் கம்பும். ஜூனில் தொடங்கி செப்டம்பரோடு முடிந்துவிடும் ஒரே மழைக்காலம். ஆண்டுக்கு 400 முதல் 700 மில்லிமீட்டர் வரை பெய்யும். கம்புக்கு இது போதுமான அளவுதான். ஆனால் மழை ஒரே பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிட்டு, பிறகு பத்துப் பதினைந்து நாள் எட்டிப் பார்க்காது. கொட்டுகிற நேரத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும் தெம்பு மண்ணுக்கு இருந்தால்தான் இடைப்பட்ட நாட்களில் பயிர் பிழைக்கும். 1970களில் யாத்தெங்கா மண்ணுக்கு அந்தத் தெம்பு போய்விட்டது.

முன்பெல்லாம் சில ஆண்டுகள் பயிர் வைத்தபின் நிலத்தைப் பல ஆண்டுகள் தரிசாக விட்டு ஆறவைப்பார்கள். மக்கள்தொகை பெருகப் பெருக அந்த ஓய்வு குறைந்து, கடைசியில் இல்லாமலே போனது. மரங்கள் விறகுக்குப் போயின. சோளத்தட்டை மாட்டுக்கும் அடுப்புக்கும் கூரைக்கும் போனது. மண்ணுக்குத் திரும்பிப் போனது ஒன்றுமில்லை. மூடாக்கு இல்லாத மண்ணில் மழைத்துளி நேராக அடிக்கும்போது கட்டிகள் உடைகின்றன. உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைக்கின்றன. வெயிலில் காய்ந்ததும் மேற்பரப்பு சிமெண்டுத் தளம்போல இறுகுகிறது. அடுத்த மழை அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். ஓடும்போது மிச்சமிருக்கும் நல்ல மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். இப்படி வெளுத்துக் கிடக்கும் பொட்டல்கள் ஆண்டுக்கு ஆண்டு அகன்றன. 1968 முதல் 1973 வரை நீடித்த பெரும் வறட்சியில் மாடுகள் செத்தன, கிணறுகள் வற்றின. பல குடும்பங்கள் பிழைப்புத் தேடித் தெற்கே ஐவரி கோஸ்ட் பக்கம் போயின.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வறட்சிக்கு முன்பே, 1962 முதல் 1965 வரை, ‘ழெரெஸ்’ என்ற பெரிய திட்டம் இதே யாத்தெங்காவில் நடந்தது. கனரக இயந்திரங்களைக் கொண்டுவந்து ஏறத்தாழ 1,20,000 ஹெக்டேரில் மண் வரப்புகள் போட்டார்கள். பொறியியல் கணக்கில் குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் வரப்பு யாருடைய நிலத்தில் எங்கே போகிறது என்று உழவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மழைநீரை முழுவதுமாகத் தடுத்துத் திருப்பிவிடும் அந்த வரப்புகள் தங்கள் வயலுக்கு வரவேண்டிய நீரைப் பறிப்பதாகவே அவர்கள் பார்த்தார்கள். பராமரிப்பார் இல்லாமல் சில ஆண்டுகளிலேயே வரப்புகள் கரைந்தன.

மண்ணை மீட்ட நுட்பம் உழவர்களிடமிருந்தே வந்தது. ஸாய் என்பது அந்த வட்டாரத்தில் பழக்கமான ஒன்றுதான்: வயலில் இறுகிப்போன சின்னச் சின்னத் துண்டுகளில் சிறு குழி தோண்டி விதை போடுவார்கள். 1980 வாக்கில் வாஹிகூயாவுக்கு அருகிலுள்ள குர்கா கிராமத்தைச் சேர்ந்த யாக்கூபா சவடோகோ அதை எடுத்துத் திருத்தினார். நகரச் சந்தையில் வியாபாரம் பார்த்துவிட்டு, எல்லோரும் நிலத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நிலத்துக்குத் திரும்பியவர் அவர். குழியை அகலமாகவும் ஆழமாகவும் ஆக்கினார். அதில் எருவைப் போட்டார். மழைக்குக் காத்திராமல் கோடையிலேயே தோண்டினார். மூன்றும் எளிய மாற்றங்கள்தான். ஆனால் கோடையில் நிலத்தில் இறங்குவது ஊர் வழக்கத்துக்கு விரோதம் என்று பெரியவர்கள் தடுத்தார்கள். பிறகு அவர் வளர்த்த மரங்களுக்குத் தீயும் வைக்கப்பட்டது. அவர் தோண்டுவதை நிறுத்தவில்லை.

குழியின் அளவு மண்ணுக்குத் தக்க மாறும். பொதுவாக 20 முதல் 40 சென்டிமீட்டர் அகலம், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம். தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறைபோல அணைத்து வைப்பார்கள். மேலிருந்து ஓடிவரும் நீர் அதில் முட்டிக் குழிக்குள் இறங்கும். ஹெக்டேருக்குப் பத்தாயிரம் குழிகளும் உண்டு, இருபதாயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. ஒவ்வொரு குழியிலும் ஓரிரு கை எரு. குழிக்கு 300 கிராம் என்று வைத்தாலும் பத்தாயிரம் குழிக்கு மூன்று டன் ஆகிவிடும். அதே மூன்று டன்னை வயல் முழுக்க இறைத்திருந்தால் முதல் மழையே வாரிக்கொண்டு போயிருக்கும். குழியில் போட்டதால் அது வேர் இறங்கும் இடத்திலேயே தங்குகிறது.

அடுத்த வேலையைக் கறையான் பார்த்துக்கொள்கிறது. கோடையில் போட்ட எருவும் சருகும் கறையானை இழுக்கின்றன. அது தின்பதற்காகக் குழிக்கு அடியில் நுண்ணிய சுரங்கங்களைக் குடைகிறது. இறுகிய அடிமண் திறந்துகொள்கிறது. முதல் மழை விழும்போது குழியில் தேங்கும் நீர் அந்தச் சுரங்கங்கள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. எருவைச் செரித்துக் கறையான் விடும் சத்து வேருக்குக் கிடைக்கிறது. வீட்டுக்கும் களஞ்சியத்துக்கும் எதிரியாகிய பூச்சியை வயலுக்கு வேலையாளாக வரவழைத்ததுதான் சவடோகோவின் நுட்பத்தில் மிக நேர்த்தியான பகுதி. எந்த ஆய்வுக்கூடத்தின் உதவியும் இல்லாமல், பார்த்துப் பார்த்துக் கண்டறிந்தது அது.

இன்னும் இரண்டு நன்மைகள் கூடவே வந்தன. குழிகளுக்கு இடைப்பட்ட தரை இறுகியே கிடப்பதால் முதல் ஆண்டுகளில் களை குறைவு. எருவோடு கலந்து வந்த மர விதைகளும் புதர் விதைகளும் குழியில் முளைத்தன. அவற்றைப் பிடுங்காமல் விட்டவர்களுக்குச் சில ஆண்டுகளில் வயலிலேயே மரம் நின்றது. சவடோகோவின் பொட்டல் அப்படித்தான் காடாயிற்று. விளைச்சல் கணக்கும் எளிது. அந்த நிலத்தில் குழி இல்லாமல் கிடைப்பது ஒன்றுமில்லை. குழியோடு, மழை குறைந்த ஆண்டில் ஹெக்டேருக்கு 300 முதல் 400 கிலோ தானியம். நல்ல ஆண்டில் 1,500 கிலோ வரை.

உழைப்பு கடுமையானது. ஒரு ஹெக்டேர் தோண்டக் குறைந்தது 300 மணி நேரம். வெயிலுக்கு முன் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்று வைத்தால் ஓர் ஆளுக்கு இரண்டரை மாதம். வேலை செய்யக்கூடியவர்கள் ஊரில் இல்லாத குடும்பங்களுக்கும், ஆடு மாடு இல்லாததால் எருவும் இல்லாத குடும்பங்களுக்கும் இது எட்டாது. மணற்பாங்கான நிலத்தில் குழி சரிந்துவிடும். மழை ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரைத் தாண்டும் இடத்தில் குழியில் நீர் நின்று பயிர் அழுகும். ஆகவே இது எல்லா ஊருக்கும் பொருந்தும் மருந்து அல்ல. குறிப்பிட்ட மழைக்கும் குறிப்பிட்ட மண்ணுக்கும் உரியது. பக்கத்து ஊர்க்காரர் சொல்வது தூரத்து நிபுணர் சொல்வதைவிட ஏன் எடுபட்டது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. அவர் நிலமும் இதே நிலம், அவருக்குப் பெய்வதும் இதே மழை.

ஏறத்தாழ இதே காலத்தில் கல்வரப்பும் பரவியது. 1979-ல் ஆக்ஸ்ஃபாம் உதவியோடு யாத்தெங்காவில் ஒரு வேளாண் காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. மரம் வளர்ப்பதுதான் நோக்கம். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் செய்வதுபோல மரத்தைச் சுற்றிச் சிறு நீர்ப்பிடிப்புகள் அமைத்தார்கள். உழவர்கள் அந்தப் பிடிப்புக்குள் சோளத்தை விதைத்துப் பார்த்தார்கள். மரத்தைவிடச் சோளம்தான் அவர்களுக்கு அவசரத் தேவை. திட்டக்காரர்கள் அதை மீறலாக எடுத்துக்கொள்ளாமல் தங்கள் நோக்கத்தையே மாற்றிக்கொண்டார்கள். ழெரெஸுக்கு வராத பணிவு இது. வட்டாரத்தில் ஏற்கெனவே இருந்த கல் அடுக்கும் பழக்கத்தை எடுத்து, சம உயரக் கோட்டில் அடுக்கும்படி திருத்தினார்கள். மண் வரப்பு நீரைத் தடுத்து நிறுத்தும், மிஞ்சினால் உடையும். கல்வரப்பு நீரை மெல்லக் கசியவிடும். வேகம் குறைந்த நீர் தான் சுமந்துவரும் வண்டலையும் சருகையும் விதையையும் கல்லுக்கு மேல்பக்கம் இறக்கிவைத்துவிட்டுப் போகும்.

சம உயரத்தைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பது கடினம். சரிவு ஒரு சதவீதம்கூட இல்லாத நிலத்தில் கண் ஏமாற்றும். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாயும் அளவுக் கோடு போட்ட இரண்டு கோல்களும். நம் கொத்தனார்கள் கடைக்கால் போடும்போது மட்டம் பார்க்கும் அதே டியூப் லெவல். சில டாலர் விலை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓரிரு நாளில் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டவர் மறுநாளே இன்னொருவருக்குக் கற்றுத்தரலாம். திட்டத்தின் பொறுப்பாளராக நெடுங்காலம் இருந்த மாத்தியூ ஊத்ராகோ இந்தப் பயிற்சியை ஊர் ஊராகக் கொண்டுபோனார். நில அளவையாளரின் கையில் இருந்த அறிவு ஊர்க்காரர் கைக்கு வந்தபிறகு கல்வரப்பு வெளியாரை எதிர்பார்க்கவில்லை. எந்த வயலில் முதலில் போடுவது, கல்லை எங்கிருந்து கொண்டுவருவது, ஆள் எத்தனை என்பதெல்லாம் ஊரே கூடி முடிவு செய்யும் காரியங்களாயின. ஸாய் குழியும் கல்வரப்பும் ஒரே வயலில் சேர்ந்தபோது பலன் இன்னும் கூடியது: கல் நீரை நிதானப்படுத்தியது, குழி வாங்கிக்கொண்டது.

ஊர் கூடிச் செய்வதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருந்தது. மொஸ்ஸி கிராமங்களில் இளைஞர்கள் வயது வாரியாகச் சேர்ந்து ஒருவர் வயலில் ஒருவர் உழைக்கும் மரபுச் சங்கங்கள் உண்டு. பள்ளி ஆசிரியராக இருந்த பெர்னார் லெதேயா ஊத்ராகோ 1967 முதல் அந்தச் சங்கங்களை ‘நாம்’ குழுக்களாக வளர்த்தெடுத்தார். ஆண்டில் எட்டு மாதம் வேலையில்லாமல் கழியும் கோடையை ஊர்ப் பணிக்குப் பயன்படுத்துவது அவருடைய எண்ணம். 1976-ல் இதே நோக்கத்தோடு ‘சிஸ்-எஸ்’ என்ற அமைப்பு உருவாகி அண்டை நாடுகளின் உழவர் குழுக்களையும் இணைத்தது. கிணறு, கல்வரப்பு, விதைக் களஞ்சியம் என்று பல வேலைகள் இந்தக் குழுக்கள் வழியே நடந்தன. 1990-ல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. புதிய வலைப்பின்னலை வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்காமல், இருந்ததையே அகலப்படுத்தினார் என்பது அவர் பணியில் முக்கியம்.

ஸாய் பரவிய விதம் இதைவிடவும் தளர்வானது; தனி மனிதர்களின் முயற்சி. 1984 முதல் சவடோகோ தன் நிலத்தில் சந்தை நாட்கள் நடத்தினார். ஆண்டுக்கு இருமுறை, பயிர்க்காலத்துக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும். போகப்போக நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வருகிறவர் தன் வயலில் நன்றாக வந்த சோள ரகத்தையோ காராமணியையோ கொண்டுவருவார். எந்த ரகம் எந்த மண்ணில் நின்றது, எந்தக் குழி தேங்கியது, எது வற்றியது என்று பேச்சு நடக்கும். விதை கைமாறும். வந்தவர்கள் நேராக வயலில் இறங்கிக் குழியைக் கையால் தோண்டிப் பார்க்கலாம். விதையும் செய்முறையும் ஒரே கையிலிருந்து ஒரே நாளில் கிடைத்தது இந்தச் சந்தையின் பலம்.

உஸ்ஸேனி ஸோரோமே என்பவர் வேறு வழியில் போனார். 1992-ல் சாலையோரத்தில் ஒரு புல்கூட முளைக்காத சரளைத் துண்டு ஒன்றைத் தேர்ந்து, ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே குழி தோண்டக் கற்றுத்தந்தார். சாலையில் போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் அந்த விளைச்சல் பட்டது. அது ஸாய் பள்ளி ஆயிற்று. 2001-ல் இருபது பள்ளிகளுக்கு மேல், ஆயிரம் உறுப்பினர்களுக்கு மேல். ஒவ்வொரு குழுவும் ஒரு மோசமான நிலத்தைத் தேர்ந்து மீட்பது விதி. கூர்சி வட்டாரத்தில் அலி ஊத்ராகோ என்ற இன்னொரு உழவர் கூட்டம் கூட்டவில்லை. தனித்தனி ஆட்களைத் தேர்ந்து, அவரவர் வயலுக்கே போய், கூடவே வேலை செய்து கற்றுக்கொடுத்தார். கற்றவர்கள் தங்கள் ஊரில் பிறருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சந்தை, பள்ளி, வீடு தேடிப் போகும் ஆசிரியர் என மூன்று வழிகள். எதையும் யாரும் திட்டமிட்டு வகுக்கவில்லை. ஆனால் ஒரு வழி எட்டாத ஆளை இன்னொன்று எட்டியது.

எல்லை தாண்டிய கதைதான் இதில் மிகவும் உற்சாகம் தருவது. 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் திட்டம் ஒன்று, நைஜர் நாட்டின் இல்லேலா மாவட்டத்திலிருந்து 13 உழவர்களை யாத்தெங்காவுக்கு அழைத்து வந்தது. இல்லேலாவிலும் பழைய குழி முறை இருந்தது. அதை அங்கே தாஸா என்பார்கள். யாத்தெங்காவில் அது எருவோடு, பெரிய அளவில், தரிசுப் பொட்டலில் செய்யப்படுவதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களில் சிலர் அந்த ஆண்டே நான்கு ஹெக்டேரில் செய்துபார்த்தார்கள். அதில் ஒரு வயல் பெரிய சாலையை ஒட்டி இருந்தது. அடுத்த ஆண்டு 70 ஹெக்டேர். 1990-ல் மழை பொய்த்தது. மாவட்டத்தில் ஓரளவு விளைந்தது தாஸா போட்ட வயல்கள் மட்டும்தான். அதற்குப் பிறகு யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. குழி தோண்டும் கூலியாட்கள் குழுக்களாக உருவானார்கள். கேட்பாரற்றுக் கிடந்த பொட்டல் நிலத்தை விலைக்கு வாங்கவும் விற்கவும் தொடங்கினார்கள்.

ஒரு பயணம் இவ்வளவு செய்ததென்றால், போனவர்கள் தேர்ந்த கண்ணோடு போனார்கள் என்பது காரணம். மண் இறுகுவது என்ன, மழை ஓடுவது என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குழிக்குள் கையை விட்டு ஈரத்தைத் தொட்டாலே போதும். வெளிநாட்டு நிதியில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தரும் இனம் இத்தகைய உழவர் பயணங்கள்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனாலும் திட்ட அறிக்கைகளில் இவற்றுக்கு எப்போதும் கடைசி வரிதான்.

நைஜரின் தெற்கே மராதி, ஸிந்தேர் பகுதிகளில் மண் மீண்டது மரங்களின் வழியே. வயலைச் சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டு விதைப்பது அங்கே வழக்கம். மண்ணுக்கு அடியில் பழைய மரங்களின் வேரும் கட்டையும் உயிரோடு இருந்தன. ஒவ்வோராண்டும் துளிர்க்கும், ஒவ்வோராண்டும் வெட்டுவார்கள். 1983-ல் மராதியில் பணியாற்றிய ஆஸ்திரேலியர் டோனி ரினௌடோ, அந்தத் துளிர்களில் சிலவற்றை மட்டும் விட்டு, கவாத்து செய்து வளர்க்கும்படி உழவர்களோடு சேர்ந்து முயன்றார். வேறு கிராமங்களில் உழவர்கள் தாங்களே இதைக் கண்டிருந்தார்கள்: நைஜீரியாவில் கூலி வேலை பார்த்துவிட்டுத் தாமதமாக ஊர் திரும்பியவர்கள், வயலைச் சுத்தம் செய்ய நேரமில்லாமல் புதரோடு விதைத்தார்கள், அவர்கள் பயிர் மற்றவர்களுடையதைவிட நன்றாக நின்றது. புதர் காற்றைத் தடுத்தது, மணலில் மூடிப்போகாமல் நாற்றைக் காத்தது. அங்கே பெரிதும் மதிக்கப்படும் காவோ மரம் மழைக்காலத்தில் இலை உதிர்த்துவிட்டுக் கோடையில் துளிர்ப்பது. பயிருக்கு நிழல் கட்டாது. உதிர்த்த இலை எருவாகும். காய்கள் கோடையில் ஆட்டுக்குத் தீனி. செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த கிரே டாப்பனும், சஹாராவை ஒட்டித் தெற்கே கிடக்கும் சஹேல் பகுதியில் பல்லாண்டு பணியாற்றிய கிறிஸ் ரேயும் 2000களில் கணக்கிட்டபோது ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்ப வந்திருந்தன. நட்டு வளர்த்தவை அல்ல, வெட்டாமல் விட்டவை. புர்கினாவின் மத்தியப் பீடபூமியில் குழியாலும் கல்வரப்பாலும் மீண்ட நிலம் இரண்டு முதல் மூன்று லட்சம் ஹெக்டேர் என்பது ரேயின் மதிப்பீடு. 2018-ல் சவடோகோவுக்கும் ரினௌடோவுக்கும் ஒரே மேடையில் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

ஆய்வு நிலையங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அதைக் குறைத்துச் சொல்வது நியாயமல்ல. குழி நீரைப் பிடிக்கும், ஆனால் சத்தை உண்டாக்காது. அந்த மண்ணில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. எருவில்லாமல் குழி மட்டும் தோண்டினால், இருக்கும் சத்தையும் சில அறுவடைகள் உறிஞ்சிவிடும் என்பதை அளந்து காட்டியவர்கள் ஆய்வாளர்கள். வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் இக்ரிசாட் நிறுவனம் அதற்கொரு வழியையும் முன்வைத்தது: உரத்தை வயல் முழுக்க வீசாமல், விதை போடும் குழியில் ஒரு பாட்டில் மூடி அளவோ மூன்று விரலால் எடுக்கும் அளவோ போடுவது. மூட்டை வாங்க முடியாத உழவருக்கும் இது கட்டுப்படியாகும். குழி தோண்டிப் பழகிய ஊர்களில் இது ஒட்டிக்கொள்வது எளிது; போட்ட உரம் ஓடிப்போகாத இடம் அங்கே ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

இடர்களும் தீரவில்லை. வாஹிகூயா நகரம் வளர்ந்து குர்கா வரை வந்தபோது, மனைப் பிரிவுகளுக்காகச் சவடோகோவின் காட்டுக்குள்ளேயே எல்லைக் கற்கள் நட்டார்கள். தரிசாக இருந்தவரை யாருக்கும் வேண்டாத நிலம், பசுமையானதும் விலை பெற்றது. உரிமைப் பத்திரம் இல்லாதவருக்கு மண்ணை மேம்படுத்துவதே ஆபத்தாக முடியலாம் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை. 2023 டிசம்பரில் அவர் காலமானார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஆயுதக் குழுக்களின் தாக்குதலால் வட புர்கினாவில் லட்சக்கணக்கானோர் ஊரை விட்டு வெளியேறியிருந்தார்கள். சாலைகள் பாதுகாப்பில்லாமல் போனால் முதலில் நிற்பது சந்தையும் ஊர்விட்டு ஊர் போகும் பயணமும்தான். அறிவு கைமாறிவந்த வழிகளும் அவையே.

மர உரிமையில் மட்டும் ஒரு கதவு திறந்திருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து நைஜரில் வயலில் நிற்கும் மரமும் அரசுடையது என்பதுதான் சட்டத்தின் போக்காக இருந்தது; கிளையை வெட்டிய உழவருக்கு வனத்துறை அபராதம் விதித்தது. அதனால் தன் வயலில் துளிர் வருவதையே பலர் விரும்பவில்லை. 1980களின் நடுவில் அதிகாரிகள் பிடியைத் தளர்த்தியபிறகுதான் மராதியில் மரங்கள் நிலைத்தன. மக்கள் நடைமுறையில் பெற்றிருந்த அந்த உரிமையை எழுத்தில் கொண்டுவர மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின: தன் நிலத்தில் துளிர்விட்டு வளர்த்த மரத்தை உழவரே பயன்படுத்த வழிசெய்யும் ஆணையை நைஜர் அரசு 2020 ஜூலையில் வெளியிட்டது.